கையெட்டும் தூரத்துக்கு ஐந்து மீட்டர்

போன வாரமும் ஒரு தம்பி போன் செய்தார். சென்னைப் பக்கம் புதிதாக ஒரு டேட்டா சென்டரில் சேர்ந்திருக்கிறாராம்.

"ஐயா, ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் நடுவுல போட காப்பர் கேபிள் வாங்கணும். எத்தனை மீட்டர்னு எழுதட்டும்?"

"ரேக்கைப் பாத்தீங்களா தம்பி?"

"ரேக் இன்னும் வரலீங்க. ஆர்டர் மட்டும் இன்னிக்கே போடச் சொல்றாங்க."

எனக்குக் கோபம் எல்லாம் வரவில்லை, அலுப்புதான். இதே கேள்வியை இதே அவசரத்தோடு, வேலையில் இருந்த காலம் முழுவதும் கேட்டாயிற்று. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. ரேக் வரட்டும், பிறகு பேசுவோம் என்று அவரிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். ஐடிஐயில் ஒயர்மேன் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்க் கேபிள் வேலையில் விழுந்தேன். சர்வர் அடுக்கும் இரும்பு ரேக்குகளின் முதுகுப் பக்கம் குனிந்தும் மண்டியிட்டும் இடுப்பும் முழங்காலும் தேய்ந்த பிறகு, அண்ணாமலையார் பார்த்து என்னைத் தன் பக்கத்திலேயே கூப்பிட்டுக்கொண்டார். கடைசியாக வேலை செய்தது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு சின்ன சர்வர் ரூமில். கேபிளின் வகை, தலை, எந்தக் கம்பெனி ஸ்விட்சுக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள். என்னைவிட நன்றாகவே படிப்பீர்கள். நான் சொல்ல வருவது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பௌர்ணமி நாளைப் பற்றி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும். இந்தக் கேபிள், வீட்டு ஒயரைப் போல வெட்டி முனை கட்டுகிற சாமான் இல்லை. இரண்டு பக்கமும் தலை வைத்து, கம்பெனியிலேயே அடைத்து வரும். கம்மியானால் ஒட்ட முடியாது, ஜாஸ்தியானால் வெட்ட முடியாது. வேகம் ஏற ஏறத் தாமிரத்துக்கு மூச்சு வாங்கும். நாங்கள் ஓட்டிய வேகத்துக்கு மூன்று மீட்டர் வரை தெம்பாகப் போகும். அதற்கு மேலும் போகும், ஆனால் இரைத்துக்கொண்டு போகும். பச்சை விளக்கு எரியத்தான் செய்யும். விளக்கு எரிவதாலேயே உள்ளே போனதெல்லாம் முழுசாக வெளியே வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் எனக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் ஒருவர் பையில் எப்போதும் சணல் கயிறு வைத்திருப்பார். கேபிள் வாங்குவதற்கு முன்னால், சொருகுகிற ஓட்டையில் இருந்து ஓட்டைக்கு, கேபிள் போகப்போகிற வழியிலேயே கயிற்றை ஓட்டிப் பார்ப்பார். வளைவுக்குக் கொஞ்சம், கதவு திறக்கக் கொஞ்சம் என்று விட்டு, அளந்து, அதற்குப் பிறகுதான் ஆர்டர். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு முறை அவர் லீவில் இருந்தபோது நாங்களே ஆர்டர் போட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று நீளமாகவே வாங்கினோம். மிஞ்சியதையெல்லாம் சுருட்டிச் சுருட்டி ரேக்குக்குப் பின்னால் திணித்ததில், காற்று வெளியே போக வழியில்லாமல் சர்வர்கள் கொதித்துப் போயின. அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. பையில் இருந்த கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் பையிலும் கயிறு உண்டு.

வேங்கிக்கால் ரூமுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அது கட்டி முடித்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி, கோயில் பக்கம் லாட்ஜ் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். லாட்ஜ்காரர்களின் புக்கிங்குக்காக ஆரம்பித்த ரூம், பிறகு மற்றவர்களுக்கும் என்று வளர்ந்தது. நல்ல மனிதர். சர்வர் ரூமுக்குள் செருப்போடு யாரும் நுழையக்கூடாது. நாம் தூசுக்காகச் சொல்வதை அவர் சாமிக்காகச் சொல்வார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு கிரிவலம் போவார். ஒரு மாதமும் தவறியதில்லை.

ரூமின் நடுவில் இரண்டு ரேக்குகள், தோளோடு தோள் உரசி நின்றன. ஈசானிய மூலைப் பக்கத்து ரேக்கில், தகவலைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச். அதை ஒட்டி அடுத்த ரேக்கில் சர்வர்கள். ஸ்விட்சில் இருந்து சர்வருக்கு நேராக இழுத்தால் கையெட்டும் தூரம். ஆனால் கேபிள் அப்படிப் போகவில்லை. ரேக்குகளைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துப் புறப்பட்டு, பின்பக்கம் போய், இரண்டு ரேக்கையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து சர்வரில் ஏறியது. இதற்கென்றே ரேக்குகளின் தலைக்கு மேல் வளையமாகத் தட்டு அடித்திருந்தார்கள். அதனால் கேபிள் ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர்.

"இது யாரும்மா போட்ட வழி?" என்று ரேவதியைக் கேட்டேன். ரேவதி அங்கே நெட்வொர்க் பார்த்த பெண். இன்ஜினியரிங் படித்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"கிரிவலம்ணா," என்றாள். "சார் சொல்லிட்டாரு. அண்ணாமலையில ஒயர் கூட இடமா சுத்தக்கூடாதாம்."

முதலாளி அங்கேதான் இருந்தார். "இதுல சிரிக்க இன்னாம்மா இருக்குது? இந்த ஊர்ல பொறந்துட்டு எதையும் இடமா ஆரம்பிக்கலாமா? மேஸ்திரி, நீயே சொல்லுய்யா."

ரேவதி விரலை மேலே காட்டினாள். "அப்போ நம்ம ஃபேனை இன்னா பண்றது சார்? நல்லா பாருங்க, இடமாத்தான் சுத்துது."

முதலாளி தலையைத் தூக்கி ஃபேனையே பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "மேல இருந்து பாத்தா அது வலம்தான்," என்றார். "சாமி மேல இருந்துதானே பாக்குறாரு."

ரேவதியே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நானும் அந்த மலையை இடமாக ஓர் அடி வைத்துச் சுற்றியவன் இல்லை. அவர் மனசு எனக்குப் புரிந்தது. தாமிரத்தின் மனசும் தெரியும் என்பதுதான் எனக்கு வந்த சங்கடம். அவர் போன பிறகு கயிற்றை எடுத்து நேர்வழியில் ஓட்டிப் பார்த்தேன். வளைவையெல்லாம் சேர்த்து இரண்டு மீட்டர் தாராளம். அடுத்த தடவை சாமான் வாங்கும்போது அவரிடம் சொல்லியே அந்த அளவில் கேபிள் வாங்கி அலமாரியில் வைத்தேன். "இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.

லாட்ஜ் புக்கிங் எல்லாம் ஓடிய வரைக்கும் அந்த ஐந்து மீட்டரால் ஒரு தொல்லையும் இல்லை. ஒல்லியான ஆள் வெறுங்கையோடு எவ்வளவு தூரமும் நடப்பான். தலையில் மூட்டை ஏற்றினால்தான் சங்கதி தெரியும். ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் ஒரு டாக்டரம்மா எங்களிடம் வந்தார். செங்கம், போளூர் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் எடுக்கிற படங்கள் எங்கள் சர்வருக்கு வரும். அவர் வெளியூரில் தன் வீட்டில் இருந்தபடியே அவற்றை எடுத்துப் பார்த்து, என்ன செய்யலாம் என்று அங்கே இருக்கும் டாக்டருக்குச் சொல்வார். ஒரு தலைக்கே நூற்றுக்கணக்கில் படம் இருக்கும். நான்கைந்து ஊரில் இருந்து ஒரே நேரத்தில் வந்தால் அது நிஜமான மூட்டை.

படங்கள் பாதியில் நிற்க ஆரம்பித்தன. எல்லா நேரமும் இல்லை, கூட்டமான நேரத்தில் மட்டும். ஸ்விட்சில் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

டாக்டரம்மா போனில் கத்தமாட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கும். "மேஸ்திரி, பாதி மூளையைப் பாத்துட்டு மீதியை என்னால ஊகிக்க முடியாதுங்க," என்றார் ஒரு நாள்.

ரேவதி உட்கார்ந்து தேடினாள். சுமை ஏறும்போதெல்லாம் ஸ்கேன் படம் இருந்த சர்வரின் கேபிளில் பிழைகள் எகிறுவதைக் காட்டினாள். அதே நீளத்தில் வேறு கேபிள் மாற்றினோம். அதுவும் அப்படியே. வேகத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தோம். சர்வரில் இருந்த கார்டு பழசு. குறைத்தால் இணைப்பே விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது அலமாரியில் இருந்த இரண்டு மீட்டர்தான். அது நேர்வழியில், அதாவது இடமாகத்தான் எட்டும்.

முதலாளியிடம் போனேன். எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொன்னேன். "முதலாளி, இந்த உறைக்குள்ள போற ஜோடி வேற, வர்ற ஜோடி வேறங்க. நாம வலமா போட்டாலும் உள்ள பாதி இடமாத்தான் வருது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "கிரிவலம் போறப்ப எதிர்லயும்தான் ஆள் வருது மேஸ்திரி. டீ விக்கிறவன் வர்றான், போலீஸ்காரன் வர்றான். அவங்க எப்படி வேணா வரட்டும். நான் எப்படிப் போறேன்றதுதானே என் கணக்கு?"

பக்தியைக் கெட்டிக்காரப் பேச்சால் மடக்கலாம் என்று போகாதீர்கள். அந்தக் கணக்கை உங்களைவிட அவர்கள் நிறைய நாள் போட்டிருப்பார்கள்.

ஆனால் அவர் வீம்புக்காரர் இல்லை. "அஞ்சு மீட்டருக்கு நல்லா ஓடுற வேற சாமான் இருக்குதா இல்லியா?" என்று கேட்டார். கண்ணாடி இழை இருந்தது. அதற்கு ஐந்து மீட்டர் ஒரு தூரமே இல்லை. விலை ஜாஸ்தி. வாங்கச் சொல்லிவிட்டார். நியாயமான வழிதான். சென்னையில் இருந்து சாமான் புறப்பட்டும் விட்டது. அது வந்து சேர வேண்டிய நாள் பௌர்ணமியாகப் போனதுதான் கெட்ட நேரம்.

பௌர்ணமி அன்று இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே வெளியூர் பஸ்ஸையும் வேனையும் ஊருக்கு வெளியில் நிறுத்திவிட்டார்கள். சாமான் ஏற்றி வந்த வேன் கீழ்பென்னாத்தூரிலேயே நின்றுவிட்டது. டிரைவர் போன் பண்ணி, "சார், இங்க இருந்து பாத்தா மலை தெரியுது, வண்டி மட்டும் நகரல," என்றார். டூவீலரில் ஒரு ஆளை அனுப்பினோம். அவரும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா கூப்பிட்டார். செங்கம் பக்கம் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றும்போது லாரி மேலிருந்து ஒரு ஆள் விழுந்துவிட்டார். தலையில் அடி, நினைவு இல்லை. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். படம் எங்கள் சர்வருக்கு வந்துவிட்டது. அவருக்குப் போகவில்லை.

"ரத்தக் கட்டு எங்க இருக்குன்னு பாத்தாதான் சொல்ல முடியும்," என்றார். "திருவண்ணாமலையிலயே ஆபரேஷன் பண்ணலாமா, இல்ல வேலூர் போயே ஆகணுமான்னு. இன்னிக்கு ரோடு இருக்கிற இருப்புல தெரியாம வேலூருக்கு ஏத்திவிட்டா, வழியிலயே போயிடுவாரு. ஆம்புலன்ஸ் புறப்பட்டு நிக்குது. சீக்கிரம் பாருங்க."

ரேவதி திரும்பத் திரும்ப அனுப்பினாள். பாதி போகும், நிற்கும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. டாக்டரம்மா மூச்சு விடுவது கேட்டது.

ரேவதி எழுந்து அலமாரியைத் திறந்தாள். இரண்டு மீட்டர் கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, போனுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். "சொல்லாம போட்டுடலாம்ணா. சார் வெளிய இருக்காரு. சாயங்காலம் கண்ணாடி இழை வந்ததும் கழட்டிடலாம். தெரியவே தெரியாது."

முதலாளி வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு கிரிவலத்துக்குப் புறப்பட்டு நின்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த வேலையில் இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். கையில் சரியான சாமான் இருக்கும், தடை சொன்னவர் பார்வையில் இருக்கமாட்டார். நான் அருணாசலா என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். உடனே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆள் உயிரை முதலாளியின் சம்மதத்துக்காகக் காக்க வைக்கக்கூடாது. முதலாளியையும் அவர் ரூமிலேயே ஏமாளி ஆக்கக்கூடாது. அவர் விரதத்தை அவருக்குத் தெரியாமல் முறிக்க நான் யார்?

"ரெண்டு தலையிலயும் மூடியைக் கழட்டி ரெடியா வை," என்றேன் ரேவதியிடம். "நான் வாசல் வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன். அவரு வேணாம்னாலும் நீ போட்டுடு."

கேட்கப் போகவில்லை, சொல்லத்தான் போனேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முழங்கால் வலியோடு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். "முதலாளி, செங்கத்துல ஒரு உசுரு படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்குது. நம்ம ஒயர்லதான் நிக்குது. சின்னதைப் போடுறேன். இடமாத்தான் போவும். உங்ககிட்ட சொல்லிட்டுப் போடலாம்னு வந்தேன்."

அவர் மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் ரேவதிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"குடும்மா அதை."

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கொடுத்தாள். அவர் விரல் எல்லாம் விபூதி. வேட்டியில் துடைத்துக்கொண்டு, "எந்த ஓட்டை?" என்று கேட்டார். ரேவதி காட்டினாள். பழைய கேபிளைக் கழற்றினாள். ஒரு தலையை ஸ்விட்சில் சொருகினார். டக் என்று சத்தம் கேட்டது. கையை அடுத்த ரேக்குக்குக் கொண்டுபோய் மறு தலையைச் சர்வரில் சொருகினார். அதுவும் டக் என்றது. விளக்கு பச்சையாக எரிந்தது. அதே பச்சைதான். அதைப் பார்த்து நாங்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வருது," என்றார் டாக்டரம்மா. மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. "முழுசா வந்துடுச்சு. வைங்க, நான் அவங்ககிட்ட பேசணும்."

திருவண்ணாமலையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டதும், ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு நடுவில் வழி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் பிறகு தெரிந்தது. அந்த ஆள் பிழைத்து வீட்டுக்குப் போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்களைப் பற்றி அவருக்கும் தெரியாது. இந்த வேலை அப்படித்தான்.

போனை வைத்த பிறகு முதலாளி அங்கேயே, அந்தச் சின்னக் கேபிளைப் பார்த்தபடி நின்றார். ரேவதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "சார், தரையில படுத்துக்கிட்டு மேல பாத்தா இதுவும் வலம்தான் சார்," என்றாள்.

அவர் லேசாகச் சிரித்தார். "வேணாம்மா. இடம்னா இடம்தான். தெரிஞ்சேதான் போட்டேன். சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிரிவலத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

கண்ணாடி இழை மறுநாள் வந்தது. ரேவதி பிரித்து வைத்துக்கொண்டு, போடட்டுமா என்று கேட்டாள். "அது அலமாரியில இருக்கட்டும்," என்றுவிட்டார். ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர் அந்தக் கேபிளுக்கு முன்னால் நின்றார். "முதலாளி, தலைகிட்ட வேணாங்க, உறை மேல வைங்க," என்றேன். ஒரு சின்னப் பொட்டாக நடு உறையில் வைத்தார். நான் வேலையை விட்டு வருகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

கயிறு வாங்கி வையுங்கள். கேபிள் போகிற வழியைக் கண்ணால் பார்க்காமல் நீளம் எழுதாதீர்கள். எட்டுகிற அளவில் குட்டையானதை வாங்குங்கள். ஒரு கேபிள் காரணம் இல்லாமல் சுற்றிப் போவதைப் பார்த்தால், உடனே பிடுங்காதீர்கள், சிரிக்காதீர்கள். யார் போட்டது என்று முதலில் கேளுங்கள். அதில் ஒருவருடைய நம்பிக்கை இருக்கலாம். அதை மாற்ற வேண்டி வந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இப்போது என்னால் முழுச் சுற்றும் நடக்க முடிவதில்லை. பௌர்ணமி அன்று செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். முதலாளி வெறுங்காலோடு வருவார். என்னைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்பார். போன பௌர்ணமிக்கு வந்தபோது மனசில் ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சாமி கேட்டாரா முதலாளி?"

அவருக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்தது.

"இன்னும் கேக்கல மேஸ்திரி," என்றார். "பதிலை ரெடியா வெச்சிக்கினுதான் சுத்துறேன்."

சொல்லிவிட்டு நடந்தார், வலமாக.